நாலு ஏக்கர் கொரங்காட்டில் எத்தனை வாய்?

கொரங்காடுன்னா என்னன்னு காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லைங்க. சென்னையிலயும் பெங்களூர்லயும் உட்காந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்லிடறேன். என் மகனோட சிநேகிதன் ஒருத்தன், "குரங்கு இருக்கிற காடுங்களா?"ன்னு கேட்டான். குரங்கும் இல்லை, நீங்க நினைக்கிற மாதிரி காடும் இல்லை. எங்க பக்கம் மானாவாரி நிலத்துக்கே காடுன்னுதான் பேரு. அதுல மேய்ச்சலுக்குன்னே விட்டு வச்சிருக்கிற நிலம் கொரங்காடு. சுத்தியும் கிளுவை வேலி. உள்ளே போக ஒரே வழி, அதுக்கு ஒரு படல். நிலம் முழுக்கக் கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம். அவ்வளவுதான்.

எங்க பக்கம் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெஞ்சா நல்ல வருஷம். ஆனி, ஆடியில் கேரளாவுல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். இங்கே எங்களுக்குக் காத்து மட்டும்தான் வரும். மேற்கு மலை மழையைத் தடுத்துக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யறதுதான் எங்க பங்கு. அந்த ரெண்டு மாச ஈரத்தை வச்சுக்கிட்டு வருஷம் பூரா எல்லாரும் உயிரோட இருக்கணும். இந்த மாதிரி நிலத்துல என்னதான் செய்யறதுன்னு யோசிச்ச எங்க முன்னோர்கள் கண்டுபிடிச்சதுதான் கொரங்காடு. காங்கயம் மாடுங்கற பேரே இந்தப் புல்லுல இருந்து வந்ததுதான்னு நான் சொல்லுவேன்.

எனக்கு இருக்கிறது நாலு ஏக்கர் கொரங்காடு. நடுவுல ஒரு வேலி போட்டு ரெண்டாப் பிரிச்சிருக்கு. ஒண்ணுல மேயறப்போ இன்னொண்ணு தளிர்க்கும். இப்போதைக்கு ரெண்டு மாடு, ஒரு கன்னு, பன்னண்டு செம்மறி. இது நான் கணக்கு வச்சிருக்கிற வாய். கணக்குல வராத வாய் எத்தனைன்னு ஒரு நாள் பொழுதுக்கும் மரத்தடியில உட்காந்து எண்ணிப் பார்த்தேன். முயல், கவுதாரி, காடை, மயில், வெட்டுக்கிளி, கரையான், எறும்பு. இந்தப் பூச்சியைத் தின்ன வர்ற கரிச்சான், கொக்கு, மைனா, பனங்காடை, ஓணான். அதுங்களைத் தின்ன வர்ற பாம்பு, கீரி, ஆந்தை. இருக்கிறது நாலு ஏக்கர் புல்லு. பெய்யறது ரெண்டு மாச மழை. இத்தனை வாயும் எப்படித்தான் பொழைக்குது? எவன் எவனுக்கு விட்டுக் குடுக்கறான்?

யாரும் யாருக்கும் விட்டுக் குடுக்கறதில்லைங்க. அதை மொதல்லயே சொல்லிடறேன். டவுன்ல இருந்து வர்றவங்க, "ஆகா, எல்லாம் எவ்வளவு ஒத்துமையா இருக்கு பாருங்க"ன்னு போட்டோ எடுப்பாங்க. மாட்டு முதுகுல கரிச்சான் உட்காந்திருக்கிற போட்டோ எடுக்காம ஒருத்தரும் திரும்பிப் போனதில்லை. அது ஒத்துமை இல்லை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி, ஒரு நேரம், ஒரு எல்லை இருக்கு. அதுக்கு மேல போக அதோட உடம்பு விடாது.

மாட்டையே எடுத்துக்குங்க. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. நாக்கை நீட்டி, புல்லைச் சுற்றி வளைச்சு, கீழ்ப்பல்லோட சேர்த்து அழுத்தி இழுத்து அறுக்கும். அதனால புல்லு கொஞ்சம் உயரமா இருந்தாத்தான் மாட்டுக்கு மேய்ச்சல். தரையோட ஒட்டின புல்லை மாடு எடுக்க முடியாது. செம்மறிக்கும் மேல்வாயில் முன்பல் இல்லைதான். ஆனா வாய் சின்னது, மேல் உதடு ரெண்டாப் பிளந்திருக்கும். மண்ணோட ஒட்டிக் கொறிக்கும். மாடு விட்டுட்டுப் போன இடத்துல செம்மறி பாட்டுக்கு மேயும். அதனாலதான் எங்கய்யன் எப்பவும் புதுசாத் தளிர்த்த பக்கம் முதல்ல மாட்டை விடுவார். அப்புறம்தான் ஆடு. மாத்தி விட்டா மாட்டுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

வெள்ளாடு வேற ஜாதி. அது குனிஞ்சு மேயறதை விட, நிமிந்து தின்னறதுலதான் குறி. முன்னங்காலைத் தூக்கி மரத்து மேல வச்சுக்கிட்டு, முள்ளுக்கு நடுவுல இருக்கிற இலையை உதட்டாலயே பொறுக்கி எடுக்கும். புல்லுக்கு அது போட்டி இல்லை. ஆனா கிளுவை வேலியையும் வெள்வேலங் கன்னையும் கடிச்சுப் போடும்னு எங்கய்யன் வெள்ளாட்டைக் கொரங்காட்டுக்குள்ள விடவே மாட்டார். எருமையும் முன்னே இருந்துச்சு. ஒரே புல்லு, நாலு விதமான வாய்.

இன்னொரு விஷயம். மாடு தான் சாணி போட்ட இடத்தைச் சுத்தி மேயாது. அந்த இடத்துல மட்டும் புல்லு திட்டுத்திட்டா உயர்ந்து நிக்கும். செம்மறிக்கு மாட்டுச் சாணியில் அவ்வளவு அருவருப்பு கிடையாது. அந்தத் திட்டையும் மேஞ்சிரும். அதோட, ஆட்டு வயித்துல வர்ற புழு பெரும்பாலும் மாட்டு வயித்துல வளராது. மாட்டுப் புழு ஆட்டுல வளராது. ரெண்டையும் ஒரே நிலத்துல மேய்ச்சா, புல்லுல இருக்கிற புழு தனக்கு ஆகாத வயித்துக்குள்ள போய்ச் செத்துப் போகும். இதைக் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கய்யனுக்கு இந்தக் காரணம் தெரியாது. ஆனா வெறும் ஆடு மட்டும் வச்சிருக்கிறவன் பட்டியில் சீக்கு அதிகம்னு அவருக்குத் தெரியும்.

புல்லு, மரம் கதையும் இதேதான். ரெண்டுக்கும் ஒரே மண்ணு, ஒரே மழை. கொழுக்கட்டைப் புல்லு மேல் மண்ணோட ஈரத்தை எடுத்துக்கும். மழை பெஞ்சதும் தூரு கட்டிக்கிட்டு வந்துரும். கோடையில் காஞ்சு, பார்க்கிறதுக்கு செத்த மாதிரி கிடக்கும். வேரு மட்டும் உயிரோட இருக்கும். அடுத்த மழைக்கு அதே தூருல பச்சை காட்டும். வெள்வேல மரத்துக்கு வேரு ஆழத்துல. மேல் ஈரத்துக்காகப் புல்லோட ரொம்ப மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நிழலும் அடர்த்தியா விழாது, சல்லடை மாதிரிதான் விழும். அதனால மரத்தடியிலயும் புல்லு வரும். நரிப்பயறுன்னு ஒரு கொடி இருக்கு. அதுக்கு ஆழமான வேரும் இல்லை, காஞ்சு கிடந்து பிழைக்கிற தெம்பும் இல்லை. அது என்ன பண்ணுதுன்னா, மழை வந்ததும் அவசர அவசரமா முளைச்சு, பூத்து, காய்ச்சு, விதையை மண்ணுல போட்டுட்டுச் செத்துப் போகும். மிச்ச காலத்தை விதையாவே கழிச்சிரும்.

கோடையில் புல்லு காஞ்ச பிறகு வெள்வேலங்காய் பழுத்து விழும். அதுதான் அந்த நேரத்துக்கு ஆட்டுக்குச் சோறு. காத்து அடிச்ச மறுநாள் காலையில் படலைத் திறந்து விட்டா ஆடுங்க புல்லைப் பார்க்காது, மரத்தடியைப் பார்த்துத்தான் ஓடும். தின்ன காயோட விதை புழுக்கையில் வெளிய வந்து, மழைக்கு முளைக்கும். மரம் யாருக்கும் தர்மம் பண்ணலைங்க. அதோட விதையைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் போட ஆள் வேணும், அதுக்குக் கூலிதான் அந்தக் காய்.

இப்போ சாணி. நகரத்துக்காரங்க முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஒரு மழை நாள் காலையில், மாடு போட்ட சூடான சாணிக்குப் பக்கத்துல பத்து நிமிஷம் குத்த வச்சு உட்காந்து பாருங்க. சந்தை மாதிரி இருக்கும். உருட்டற வண்டு ஒண்ணு வந்து, தனக்கு வேணுங்கறதை உருண்டையா உருட்டி, பின்னங்காலால தள்ளிக்கிட்டுத் தூரமா ஓடிரும். அங்கேயே இருந்தா மத்தவன் பிடுங்கிக்குவான்னு அதுக்குப் பயம். இன்னொரு வகை வண்டு எங்கேயும் ஓடாது. சாணிக்கு நேர் அடியிலயே குழி தோண்டி, உள்ள இழுத்துக்கும். மூணாவது வகை, சின்னது, உருட்டறதும் இல்லை, தோண்டறதும் இல்லை. சாணிக்குள்ளயே குடியிருந்து அங்கேயே முட்டை வச்சிரும். ஒரு முறம் சாணி, மூணு விதமான பொழைப்பு. ஒருத்தன் தூக்கிட்டு ஓடறான், ஒருத்தன் கீழே பதுக்கறான், ஒருத்தன் வந்த இடத்துலயே தங்கிக்கிறான். இதுல எனக்கு என்ன லாபம்னா, நான் மண்வெட்டி பிடிக்காமலே எரு மண்ணுக்குள்ள போயிருது.

மாட்டைச் சுத்தி வர்ற பறவைங்களையும் சொல்லணும். உண்ணிக்கொக்கு மாட்டுக் காலடியிலயே நடக்கும். குளம்பு பட்டுத் துள்ளற வெட்டுக்கிளி அதுக்கு. கரிச்சான் முதுகு மேல உட்காந்துக்கும். பறந்து தப்பிக்கிற பூச்சி அதுக்கு. மைனா சாணியைக் கிளறும். பனங்காடை வேலிக்கால்லயோ மின்கம்பியிலயோ உட்காந்து, தூரத்துல தரையில் அசையறதைப் பார்த்துப் பாயும். பொழுது சாஞ்சதும் பனங்காடை போயிரும். அதே கம்பியில் அதே இடத்துல ஆந்தை வந்து உட்காரும். பகல் ஷிப்டு, நைட் ஷிப்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரே மிஷின்ல ரெண்டு பேர் மாறி மாறித் தைக்கற மாதிரி.

ஆனா சண்டையே இல்லைன்னு நினைச்சிராதீங்க. எங்க காட்டு வடமேற்கு மூலையில் ஒரு மொட்டைப் பனை நிக்குது. இடி விழுந்து கொண்டை போன பனை. அதுல இருக்கிறதே மூணு பொந்து. பச்சைக்கிளி, பனங்காடை, மைனா, ஆந்தை, நாலுக்கும் முட்டை வைக்கப் பொந்துதான் வேணும். இதுல எதுக்கும் சொந்தமாப் பொந்து செதுக்கத் தெரியாது. அலகால கொஞ்சம் அகலப்படுத்தும், அவ்வளவுதான். செதுக்கறவன் மரங்கொத்தி. அப்புறம் பனை தானா உக்கணும். சோறு எத்தனை விதமாவும் பங்கு போடலாம், பொந்தைப் பங்கு போட முடியாது. அதனால மாசியில் ஆரம்பிச்சு வைகாசி வரைக்கும் அந்தப் பனையில் தினமும் பஞ்சாயத்துதான். கிளி முந்திக்கும், குளிர் விடறதுக்குள்ளயே வந்து பிடிச்சுக்கும். அது குஞ்சு பொரிச்சுப் போனதும் அடுத்தது நுழையும். பொறுக்க மாட்டாம மைனா முன்னாடியே நுழைஞ்சு, ரெண்டும் கட்டிப் பிடிச்சுத் தரையில் விழுந்து உருண்டதை நான் பார்த்திருக்கேன். முட்டை கீழே உடைஞ்சு கிடக்கும். இடம் கிடைக்காதது அந்த வருஷம் குஞ்சு பொரிக்காமலே போகும். முறை வச்சாலும் எல்லாருக்கும் கிடைச்சிராது.

எங்க அண்ணன் மக கோயமுத்தூர்ல விலங்கியல் படிக்கிறா. லீவுக்கு வந்தப்போ இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். "சித்தப்பா, இதை ரஷ்யாவுல ஒருத்தர் சோதனைக் குழாய்க்குள்ளயே பண்ணிப் பார்த்துட்டார்"னா. காஸ்னு பேராம், 1934-ல அதைப் பத்திப் புத்தகம் எழுதியிருக்காராம். பரமீசியம்னு பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சிருப்பீங்க, கண்ணுக்குத் தெரியாத உயிர். அதுல ரெண்டு இனத்தை ஒரே குழாயில் விட்டு, ஒரே தீனியைப் போட்டிருக்கார். தனித்தனியா விட்டா ரெண்டும் நல்லாத்தான் வளருது. ஒண்ணா விட்டா, கொஞ்ச நாள்ல ஒரு இனம் பூண்டோட அழிஞ்சு போச்சு. அப்புறம் வேற ஒரு ஜோடியை விட்டிருக்கார். இந்தத் தடவை ரெண்டும் பொழைச்சிருக்கு. ஏன்னு பார்த்தா, ஒண்ணு மேல மிதக்கிற தீனியைத் தின்னுச்சு, இன்னொண்ணு அடியில் தங்கினதைத் தின்னுச்சு.

"ஒரே இடத்துல, ஒரே தீனியை, ஒரே மாதிரி தின்னா ரெண்டு பேருக்கு இடம் இல்லைங்க சித்தப்பா. ஏதாவது ஒண்ணு மாறணும்"னா. நான் பத்தாவதோட நின்னவன். ஆனா இது எனக்கு உடனே புரிஞ்சது. மாட்டுக்கு மேல் புல்லு, ஆட்டுக்கு அடிப் புல்லு. அந்தக் குழாய்க்குள்ள இருந்தது எங்க கொரங்காடுதான்.

மனுசங்களும் இப்படித்தான் இருந்தோம். எங்க பங்குக் கிணறு 70 அடி. அஞ்சு குடும்பத்துக்குப் பொது. முறைத் தண்ணின்னு சொல்லுவோம், இன்னைக்கு உங்களுக்கு, நாளைக்கு எங்களுக்கு. அந்த அஞ்சு குடும்பத்துல ரெண்டு குடும்பம் வரப்புத் தகராறுல கோர்ட்டு வரைக்கும் போனவங்க. நேருக்கு நேர் முகம் பார்க்க மாட்டாங்க. ஆனாலும் அவங்கவங்க முறையில் வந்து தண்ணி இறைச்சுட்டுப் போவாங்க. ஒருத்தர் முறையை ஒருத்தர் தொட மாட்டாங்க. பாசத்துல இல்லைங்க. கிணத்துக்கு அடி இருந்துச்சு. எட்டிப் பார்த்தா தண்ணி எவ்வளவு இருக்குன்னு அஞ்சு பேர் கண்ணுக்கும் தெரியும். ஒருத்தன் கூட இறைச்சா அடுத்தவனுக்கு இல்லைங்கறது கண்ணு முன்னாடி தெரியும். அதனால முறை நின்னுச்சு. அப்புறம் ஒருத்தர் போர் போட்டார். அடுத்தவர் அதை விட ஆழமாப் போட்டார். இன்னைக்கு எங்க ஊர்ல ஆயிரம் அடி போர் சாதாரணம். போருக்குள்ள எட்டிப் பார்க்க முடியாது. கிணறு வத்திப் போச்சு, முறையும் போச்சு. இப்போ அதுல வேப்பங் கன்னு முளைச்சிருக்கு.

எல்லை இருக்கிற வரைக்கும் பகையாளி கூடச் சேர்ந்து இருக்கலாம். எவனோ ஒருத்தனுக்கு மட்டும் எல்லை எடுபட்டுப் போச்சுன்னா, மத்த எல்லாரும் அதுக்கு விலை குடுக்கணும். எங்க காட்டுல இப்போ நடக்கிறது இதுதான்.

சீமைக்கருவேலம் மொதல். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்துச் செடி அது. அதை அங்கே கடிக்கிற பூச்சி எல்லாம் அங்கேயே தங்கிப் போச்சு. இங்கே அதோட இலையை ஆடு மாடு தொடறதில்லை. காயை மட்டும் இனிப்புக்காகத் தின்னு, விதையை ஊரெல்லாம் போட்டுட்டு வரும். வெள்வேலுக்கு இலையும் போகுது, கன்னும் கடிபடுது. சீமைக்கருவேலத்துக்குச் செலவே இல்லை, வரவு மட்டும்தான். அதோட அடியில் கொழுக்கட்டைப் புல்லும் சரியா வர்றதில்லை. வருஷா வருஷம் மழைக்கப்புறம் ஈரம் இருக்கிறப்பவே கன்னை வேரோட பிடுங்கறேன். ஒரு வருஷம் விட்டா கடப்பாரை வேணும், மூணு வருஷம் விட்டா ஜேசிபி வேணும்.

அடுத்தது மயில். 1963-ல தேசியப் பறவை ஆச்சு, 1972 சட்டத்துல பாதுகாப்பும் கிடைச்சது. நல்லதுதான், நான் அதுக்கு எதிரி இல்லை. என் சின்ன வயசுல மயில் பார்க்கணும்னா சென்னிமலை, சிவன்மலைக்குப் போகணும். அப்போ ராத்திரியில் நரி ஊளை கேட்கும். மயில் தரையில்தான் முட்டை வைக்கும். நரியும் காட்டுப் பூனையும் பாதியைக் கணக்குத் தீர்த்துரும். இப்போ எங்க பக்கம் நரி ஊளை கேட்டு வருஷக்கணக்காச்சு. போர்த் தண்ணியால கோடையிலும் எங்கேயாவது ஒரு தோட்டம் பச்சையா இருக்கு. முட்டை எடுக்கவும் ஆள் இல்லை, பட்டினி போடவும் கோடை இல்லை. நிலக்கடலை விதைச்சா அன்னைக்கு ராத்திரி நமக்குத் தூக்கம் இல்லை, ஏன்னா விடியறதுக்கு முன்னாடி அது வந்துரும். விதை நிலக்கடலையை நம்மளை விட அதுதான் நல்லா எண்ணும்.

மூணாவதுதான் வயித்தெரிச்சல். நாய். எங்கப்பாறு காலத்துல ஊர்ல இருந்த நாய், வீட்டுல மிஞ்சின சோத்தைத் தின்னு வாழ்ந்துச்சு. ஊர்ல எவ்வளவு சோறு மிஞ்சுமோ அவ்வளவு நாய். இப்போ ரோட்டோரம் கோழி இறைச்சிக் கழிவைக் கொண்டு வந்து கொட்டிட்டுப் போறாங்க. யார் கொட்டறாங்கன்னு நான் சொல்ல வரலை. அது தின்னு வளர்ற நாய்க்கு ஊரும் வேண்டியதில்லை, வீடும் வேண்டியதில்லை. ரத்த வாசனை பழகினது. கூட்டமாத் திரியும். கழிவு கொட்டாத அன்னைக்கு ஆட்டுப் பட்டிதான். கொரங்காட்டோட பெரிய வசதியே, ஆள் காவல் வேண்டாம்ங்கறதுதான். படலைச் சாத்திட்டு வந்தா ராத்திரி பூரா ஆடு பாட்டுக்கு உள்ளே இருக்கும். நரி கூடக் கிளுவை முள்ளைத் தாண்டி வரத் தயங்கும். போன பங்குனியில் ஒரு ராத்திரி நாய்க் கூட்டம் வேலியடியில் பறிச்சு நுழைஞ்சு, பதினேழு ஆட்டுல அஞ்சைக் கடிச்சுப் போட்டிருந்துச்சு. ஒண்ணையும் முழுசாத் தின்னலை. நரின்னா பசிக்கு ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிருக்கும். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் இதுக்காக ஆட்டுக்காரங்க போராட்டமே நடத்தினாங்க, பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறம் எங்க ஊட்டுல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் காட்டுலதான் படுக்கறோம்.

இதெல்லாம் ஏன் இப்போ எழுதறேன்னா, காரணம் இருக்குங்க. எங்க அண்ணன் பங்கு நாலு ஏக்கரைச் சோலார் கம்பெனிக்குக் குடுத்துட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு பொண்ணுங்க படிப்பு, அண்ணிக்கு ஆபரேஷன், எல்லாம் இருக்கு. ஒரே வாரத்துல கிளுவையை எடுத்துட்டாங்க. எங்கப்பாறு போத்து நட்டு வளர்த்த வேலி. இப்போ கம்பி வேலி நிக்குது. அந்த வேலிக்குள்ள இருந்த கீரி, செம்போத்து, ஓணான், முயல், கவுதாரி எல்லாம் எங்கே போகும்? பாதி எங்க காட்டுக்குத்தான் வந்திருக்கு. போன கார்த்திகையில் மாட்டை விடறதுக்கு முன்னாடியே முயல் மேஞ்ச தடம் வேலியோரமா நல்லாத் தெரிஞ்சது. நாலு ஏக்கர்ல எட்டு ஏக்கர் வாய்.

இப்போ அதே தரகர் என்கிட்டயும் வர்றார். மகன், "குடுத்துரலாம்ங்கய்யா, காவலுக்குப் படுக்கற வேலையும் மிச்சம்"ங்கறான். என் மாப்பிள்ளை இன்னொரு யோசனை சொல்றார். போர் ஒண்ணு போட்டு, ஒரு ஏக்கர்ல தீவனப்புல்லு வச்சு, பரண் கட்டி அம்பது வெள்ளாடு வளர்க்கலாம்ங்கறார். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்லை. காசுக் கணக்குல கொரங்காடு எப்பவும் தோத்துத்தான் போகும். ரெண்டு மாடு, பன்னண்டு ஆட்டை வச்சு யாரும் பங்களா கட்டலை.

மாப்பிள்ளைகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "போர்ல தண்ணி நின்னு போச்சுன்னா அம்பது ஆட்டுக்கு என்ன பண்ணுவீங்க மாப்ளே?" "இன்னும் இருநூறு அடி இறக்கிக்கலாம் மாமா"ன்னார். அங்கேதான் எனக்கு இடிக்குது. பக்கத்துக் காட்டுக்காரர் போரும் அதே தண்ணியிலதான் நிக்குது. நான் இருநூறு இறக்கினா அவர் முந்நூறு இறக்குவார். காஸ் குழாயில் ரெண்டாவது ஜோடி பொழைச்சது, ஒண்ணு மேல தின்னு ஒண்ணு அடியில தின்னதால. போர் போட்ட நாங்க எல்லாரும் அடியிலயேதான் தின்னுக்கிட்டிருக்கோம்.

கொரங்காடு என்னைக் கட்டிப் போடுது, உண்மைதான். மழை இவ்வளவுதான், அதனால புல்லு இவ்வளவுதான், அதனால மாடு இவ்வளவுதான். மழை பொய்ச்சா சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு ஒரு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போகணும். எங்கய்யன் அப்படி ஓட்டிக்கிட்டுப் போன வருஷம் வீட்டுல ரெண்டு நாள் யாரும் சரியாச் சாப்பிடலை. ஆனா அந்த வருஷம் புல்லுத் தூரு சாகலை. அடுத்த ஐப்பசிக்கு அதே தூருல பச்சை வந்துச்சு. கட்டு இருந்ததாலதான் அப்பாறு மேய்ச்ச இடத்துல அய்யனும், அய்யன் மேய்ச்ச இடத்துல நானும் மேய்க்க முடியுது.

மகன்கிட்ட பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். ரெண்டு வருஷம் பார்க்கறது. தரகர்கிட்டயும் அதையே சொல்லிட்டேன். ஆட்டைப் பன்னண்டுக்கு மேல ஏத்தறதில்லை, முயல் கூட்டத்துக்கும் சேர்த்துத்தானே புல்லு வேணும். நாய்க்காக வேலியடியில் கம்பி வலை ஒரு சுத்துப் போடணும், அதுக்கு மகன் பணம் தர்றேன்னுட்டான். அண்ணன் பக்கம் வேலி போன இடத்துல, என் எல்லைக்குள்ள ஆடிக்கு முன்னாடி புதுசாக் கிளுவைப் போத்து நடணும். போத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து மாமாகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவர்தான் அந்தக் கோர்ட்டுக்குப் போனவர்ல ஒருத்தர். "எத்தனை வேணுமோ வெட்டிக்க, ஆனா என் வரப்பு மேல வண்டியை ஏத்தாதே"ன்னு சொல்லியிருக்கார்.